அங்க போய் பாத்துக்கலாம்னு ஃபிளைட் ஏறாதீங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய காலைல படிக்க ஆரம்பிச்சேன், கையில இருந்த காபி ஆறியே போச்சு. அமெரிக்காவுல ரெண்டு எம்எஸ் அட்மிட் இருக்கு, ஒண்ணு பெரிய பேர் உள்ள யுனிவர்சிட்டி ஆனா எய்ட் (உதவிப் பணம்) ஒரு பைசா கிடையாது, இன்னொண்ணு உங்க சொந்தக்காரங்க யாரும் கேள்விப்படாத ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆனா 25 சதவீத டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், கிளாஸ், லேப் நடத்த உதவுற கேம்பஸ் வேல) குடுக்கறாங்க, சீனியர்ஸ் எல்லாம் "பெரிய இடத்துக்கே வா, வந்து ப்ரொஃபசர நேர்ல பாத்து கேட்டா ஃபண்டிங் கிடைச்சிரும்"னு சொல்றாங்க, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. கூடவே எந்த ஜாக்கெட், எத்தன லிட்டர் குக்கர், தமிழ்ச் சங்கம் இருக்கான்னு வேற. ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்கோங்க, சென்னைல வாங்குறது நவம்பர் வரைக்கும்தான் தாங்கும். குக்கர் 3 லிட்டர், கூட ரெண்டு கேஸ்கட். சங்கம் எல்லா ஊர்லயும் இருக்கு, சில ஊர்ல ரெண்டு இருக்கு, ஏன் ரெண்டுன்னு கேக்காதீங்க.

சீனியர் சொன்னதுக்கு வரேன். நம்பாதீங்க.

நான் விருதுநகர்லருந்து 2002 ஆகஸ்ட்ல வந்தவன். எனக்கும் ஒரு சீனியர் இதையே ஈமெயில் பண்ணார், "மச்சி எல்லாருக்கும் ஒரு செமஸ்டர்ல கிடைச்சிரும், கவலப்படாம வா"ன்னு. அப்பா வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வச்சு, வில்லங்க சான்றுக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நாலு தடவ அலைஞ்சு லோன் வாங்கிக் குடுத்தார். டாலர் அப்ப 48 ரூபாய்க்கு மேல. நான் 1,400 டாலர் டிராவலர்ஸ் செக்க பனியனுக்குள்ள தைச்ச பையில வச்சுகிட்டு இறங்குனேன். டாட்காம் விழுந்து ரெண்டு வருஷம், ஸ்டேட் கவர்மென்ட்ல பட்ஜெட் வெட்டு, டிபார்ட்மென்ட்ல முந்தின வருஷம் இருந்த டிஏ இடமே பாதியாகி கிடக்குது, இதெல்லாம் அந்த சீனியருக்கு தெரியும். அப்புறம் ஏன் வரச் சொன்னார்னா, அவங்க அபார்ட்மென்ட் லீஸ்ல நாலு பேர் கையெழுத்து போடணும், மூணு பேர்தான் இருந்தாங்க. இது எனக்கு தெரிய வந்தது நவம்பர்ல, அதுவும் சாம்பார் வைக்கிற சண்டையில வாய் தவறி வந்துச்சு. இன்னைக்கு அவர் பெரிய கம்பெனில டைரக்டர், ஃபேஸ்புக்ல புதுசா வர்ற பசங்களுக்கு அட்வைஸ் எல்லாம் எழுதுறார். இருக்கட்டும்.

நேர்ல போய் கேட்டா ஏன் கிடைக்காதுன்னு புரிஞ்சுக்கோங்க. ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டன்ட்) பணம் ப்ரொஃபசரோட ஆராய்ச்சி கிராண்ட்ல இருந்து வருது, அதுல அவர் முதல்ல தன்னோட பிஎச்டி பசங்களுக்குத்தான் சம்பளம் குடுப்பார். எம்எஸ் பையனுக்கு வேல கத்துக் குடுக்க ஒரு வருஷம், கத்து முடிச்சதும் அவன் இன்டர்ன்ஷிப், வேலைன்னு ஓடிருவான், அவருக்கு என்ன லாபம்? டிஏ பணம் டிபார்ட்மென்ட்டுது, எத்தன அண்டர்கிராட் (இளங்கலை) செக்‌ஷன் ஓடுதோ அத்தன டிஏ, அதையும் பெரும்பாலும் ஸ்பிரிங் செமஸ்டர்லயே, அதாவது வருஷ ஆரம்பத்துலயே, பிஎச்டி அட்மிட்டுக்கு வாக்கு குடுத்து முடிச்சிருப்பாங்க. நீங்க ஆகஸ்ட் 15-ம் தேதி ரெண்டு பெட்டியோட இறங்கும்போது பந்தி முடிஞ்சு இலை எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கிறது மணிக்கு இவ்வளவுன்னு பேப்பர் திருத்துற கிரேடர் வேல. அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்எஸ்னா சொல்லவே வேணாம், பல இடத்துல அது டிபார்ட்மென்ட்டுக்கு கறவ மாடு, நீங்க கட்டுற காசுலதான் மத்தவனுக்கு ஸ்டைபண்ட், அதாவது மாசச் சம்பளம், ஓடுது. இதுல 2025-ல என்ஐஹெச், என்எஸ்எஃப்னு ஆராய்ச்சிக்கு காசு குடுக்குற அமெரிக்க அரசு அமைப்புகளோட கிராண்டுகள நிறுத்துனதுல சில பெரிய யுனிவர்சிட்டிங்களே பிஎச்டி அட்மிஷன குறைச்சுட்டாங்க, ப்ரொஃபசர்ங்க ஏற்கனவே இருக்கிற பசங்கள காப்பாத்தவே திண்டாடுறாங்க.

நான் அப்ப ஒன்பது கதவு தட்டுனேன். ரெஸ்யூமே பிரிண்ட் எடுக்க பக்கத்துக்கு 10 சென்ட், அதுக்கே மனசு வலிக்கும். எட்டு பேர் சிரிச்சுகிட்டே "கீப் இன் டச்"ன்னாங்க, அத நான் நம்பி வாரா வாரம் போய் நின்னேன், ஒன்பதாவது ஆள் ஒரு கிழவர், கதவ சாத்திட்டு உக்கார வச்சு, "இவங்க யார்கிட்டயும் காசு இல்ல, உன் நேரத்த வீணாக்காத, பிசிக்ஸ் லேப்ல ஆள் வேணும்பாங்க, லைப்ரரில கேளு, வேற டிபார்ட்மென்ட் போ"ன்னார். அந்த ஊர்ல எனக்கு முதல்ல உண்மை சொன்ன ஆள் அவர்தான்.

பிசிக்ஸ்ல அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க, அதனால டைனிங் ஹால்ல பாத்திரம் கழுவப் போனேன். மணிக்கு 5.75 டாலர், மினிமம் வேஜ் அப்ப 5.15. பெல்ட்ல ட்ரே வந்துகிட்டே இருக்கும், அதுல உருகி ஒட்டுன சீஸ் இருக்கு பாருங்க, சுடு தண்ணி பட்டா ரப்பர் மாதிரி இழுபடும், நகத்தால சுரண்டணும். நீராவில கண்ணாடி மங்கிரும், துடைக்க கை ரெண்டும் எண்ணெய். வீட்ல ஒரு டம்ளர் கழுவுனது கிடையாது நான். அம்மா போன்ல "சாப்ட்டியா"ன்னு கேக்கும்போது ஆமா டைனிங் ஹால்லதான்னு சொல்லுவேன், பொய் இல்லல்ல. ஆனா பெருமையாவே சொல்றேன், அந்த ஒரு வருஷத்துல நான் கத்துகிட்டது கிளாஸ்ல கத்துக்கல. இப்ப வர்ற பசங்க சிலர் டைனிங் ஹால் வேலைன்னா மூஞ்ச சுளிக்கிறாங்க, அதே பசங்க கேஷுக்கு கேஸ் ஸ்டேஷன்ல (பெட்ரோல் பங்க்) ராத்திரி நிக்கிறாங்க, அது கௌரவமாம்! தம்பி, அத மட்டும் செய்யாதீங்க. எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசால கேம்பஸ் வேல, செமஸ்டர் நடக்கும்போது வாரம் மொத்தம் 20 மணி நேரம், லீவுல முழு நேரம், அவ்ளோதான் அனுமதி. வெளிய கேஷுக்கு நின்னு மாட்டுனா ஸ்டேட்டஸ் போச்சு, அது பிற்காலத்துல கிரீன் கார்டு வரைக்கும் துரத்தும். 2025 ஏப்ரல்ல டிராஃபிக் டிக்கெட் மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் நிறைய பேரோட செவிஸ் ரெக்கார்ட (வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் பத்தின அரசுப் பதிவு) கட் பண்ணாங்க, கோர்ட்டுக்கு போனப்புறம்தான் திருப்பி குடுத்தாங்க. அந்த மாதிரி காலம் இது. "எங்க மாமா மோட்டல்ல பாத்துக்கலாம்"னு எவனாவது சொன்னா அந்த மாமாவையே ஃபீஸ் கட்டச் சொல்லுங்க.

சரி, உங்க 25 சதவீத டிஏ. அப்படின்னா வாரம் 10 மணி நேரம், 50 சதவீதம்னா 20. இதுல ஸ்டைபண்ட் எவ்வளவுங்கிறது ரெண்டாவது கேள்விதான், ட்யூஷன் வெய்வர், அதாவது படிப்புக் கட்டணத்துல தள்ளுபடி, எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. சில இடத்துல 25 சதவீதத்துக்கே முழு ட்யூஷனும் போயிரும், சில இடத்துல பாதிதான், சில இடத்துல வெளி ஸ்டேட்டுக்கும் உள்ளூருக்கும் இருக்கிற வித்தியாசத்த மட்டும் கழிச்சுட்டு உள்ளூர் ட்யூஷன கட்டச் சொல்லுவாங்க. மூணுக்கும் "வெய்வர்"னுதான் பேரு. அடுத்து ஃபீஸ். ட்யூஷன் வேற ஃபீஸ் வேற, டெக்னாலஜி ஃபீ, ஆக்டிவிட்டி ஃபீ, இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஃபீ, மேல ஹெல்த் இன்ஷூரன்ஸ், இதெல்லாம் வெய்வர்ல வராத இடங்கள் நிறைய, செமஸ்டருக்கு ஆயிரம் ரெண்டாயிரம் டாலர் சத்தமில்லாம போயிரும். அப்புறம் அது எத்தன செமஸ்டருக்கு, அடுத்த வருஷம் தொடருமா, 9 மாசமா 12 மாசமா? 9 மாசம்னா சம்மர்ல சோத்துக்கு வழி நீங்கதான் பாக்கணும். இத கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு ஈமெயில் போட்டு கேளுங்க, போன்ல வேணாம், எழுத்துல வாங்குங்க. கேட்டா ஆஃபர பறிச்சிருவாங்களோன்னு நம்ம பசங்க பயப்படுறாங்க, இங்க கேக்குறது தப்பே இல்ல. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ங்கிற யுனிவர்சிட்டிகள் அமைப்போட தீர்மானத்துல கையெழுத்து போட்ட யுனிவர்சிட்டிங்க, ஃபண்டிங் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்னாடி பதில் சொல்லுன்னு நெருக்கக்கூடாது, அது வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க.

டிஏவே கிடைச்சாலும் முதல் சம்பளம் கைக்கு வர செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகிரும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரணும், பேரோல்ல பேர் ஏறணும். ரெண்டு மாசத்துக்கு வாடகை, டெபாசிட், சாப்பாடு, எல்லாம் கையில இருந்து. இன்னொண்ணு, டாக்ஸ். எஃப்-1ல நான்ரெசிடென்ட்டா, அதாவது வரிக்கணக்குல வெளியூர்க்காரரா, இருக்கிற முதல் 5 காலண்டர் வருஷம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதம் பிடிக்கக்கூடாது. எனக்கு டைனிங் ஹால் சம்பளத்துல நாலு மாசம் பிடிச்சாங்க, நான் அமெரிக்கான்னா இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன், ரூம்மேட் தெலுங்குப் பையன் சீட்ட பாத்து கத்துனான். பேரோல் ஆபீஸ்ல போய் கேட்டா அந்தம்மா என்னையே திருடன் மாதிரி பாத்துச்சு, கடைசில எண்பது சொச்சம் டாலர் திரும்பி வந்துச்சு, அந்த காசுலதான் முதல் ஸ்னோ பூட்ஸ் வாங்குனேன். இந்தியப் பசங்களுக்கு மட்டும் வரி ஒப்பந்தம் ஆர்ட்டிகிள் 21-ல, வருமானத்துல ஒரு தொகைய வரி இல்லாம கழிச்சுக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, மத்த நாட்டு நான்ரெசிடென்ட் ஸ்டூடண்ட்ஸ் பெரும்பாலும் எடுக்க முடியாது. 2024 வருமானத்துக்கு அது 14,600 டாலர். விட்றாதீங்க. எஃப்ஏஎஃப்எஸ்ஏ (அரசு படிப்பு உதவிக்கான ஃபார்ம்) ஃபில் பண்ணுன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, அது சிட்டிசன், கிரீன் கார்டு மாதிரி ஆளுங்களுக்குத்தான், எஃப்-1க்கு கிடையாது.

பெரிய பேருக்கு போறதா இருந்தா, ஐ-20-ல (விசாவுக்காக யுனிவர்சிட்டி குடுக்குற படிவம்) போட்டிருக்கிற வருஷச் செலவ ரெண்டால பெருக்குங்க, படிக்கும்போதே ஏறுற வட்டிய சேருங்க, அத அப்பா முன்னாடி வச்சு சத்தமா படிங்க. படிச்சு முடிச்சும் தைரியம் இருந்தா போங்க, நான் தடுக்கல, பேருக்கு மதிப்பு இருக்குதான். ஆனா "எய்ட் கிடைச்சிரும்"ங்கிற வரிய அந்த கணக்குல எழுதாதீங்க.

எனக்கு 2003 ஃபால் செமஸ்டர்ல பிசிக்ஸ் லேப் டிஏ கிடைச்சுது, ஸ்பீக் டெஸ்ட்னு இங்கிலீஷ் பேசிக் காட்டுற பரீட்சைல பாஸ் பண்ணித்தான். முதல் நாள் போர்டுல எழுதி "ஃபைவ் இன்டு த்ரீ"ன்னேன், நம்ம ஊர்ல பதினஞ்சு. இங்க இன்டுன்னா வகுக்குறது, 22 பசங்களும் மூண அஞ்சால எப்படி வகுக்குறதுன்னு திருதிருன்னு முழிக்கிறாங்க, நான் வேற "இவ்ளோ ஈசியா இருக்கே"ன்னு அதட்டுறேன். ஒரு பொண்ணு கைய தூக்கி மெதுவா கேட்டுச்சு, பெருக்கச் சொல்றீங்களான்னு. அன்னைலருந்து டைம்ஸ்தான். ஊருக்கு போனா கடைக்காரர்கிட்டயும் டைம்ஸ்ங்கிறேன், அம்மா சிரிக்கும்.

உங்க ஆஃபர் லெட்டர்ல வெய்வர் பத்தி இருக்கிற வரிய மட்டும் பேர மறைச்சுட்டு அப்படியே போடுங்க, ராத்திரி பாத்து சொல்றேன். இப்ப டிரைவ்வேல முட்டளவு பனி கிடக்கு, பையன் தள்ளுவான்னு பாத்தா இன்னும் எந்திரிக்கல.