மொட்டைமாடியில் பன்னிரண்டு பேர், கையில் ஒரு ஃபுல்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், "கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பையன்கள் மொட்டைமாடியில் ஷாட்ஸ் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஷாட் என்றால் குட்டிக் கிளாஸில் ஊற்றி ஒரே மடக்கில் கவிழ்ப்பது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த மாதம் முழுக்க. கோயமுத்தூரில் ஓட்டல் பாரில் பதினாலு வருடம் ஊற்றிக் கொடுத்தவன், இப்போது கேட்டரிங் செய்கிறவன், அந்தத் தகுதியில்தான் பதில். குடிக்காதவர்களை ஆரம்பிக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்க வேண்டாம்.

அண்ணா, வர்ற சனிக்கிழமை வீட்ல பார்ட்டிங்க. 12 பேர் வர்றாங்க, அதுல 8 பேர் குடிப்பாங்க. ஷாட்ஸ் போடலாம்னு ஆசை. எவ்வளவு வாங்கோணும், எப்படிக் கலக்கோணும்? (திருப்பூர் வாசகர்)

வாங்குவதற்கு முன்னால் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. ஷாட் கிளாஸ் என்று கடையில் விற்கிறதே, அதில் ஒன்று 30 மில்லி பிடிக்கும், இன்னொன்று 60 பிடிக்கும், பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விளிம்பு வரை ஊற்றி "ஒண்ணுதானே குடிச்சேன்" என்பவன் உண்மையில் ரெண்டு பெக் (சின்ன பெக் என்றால் 30 மில்லி) குடித்திருப்பான். அளக்க ஜிக்கர் எல்லாம் வாங்க வேண்டாம். இருமல் மருந்து பாட்டில் மேலே கவிழ்த்து வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியில் 5, 10 என்று கோடு இருக்கும். நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டால் அதைவிடத் துல்லியமான அளவை உங்கள் வீட்டில் வேறு இருக்காது.

இப்போது கணக்கு. ஒரு ஷாட்டுக்கு 20 மில்லி வோட்கா, தலைக்கு மூன்று, எட்டுப் பேர். 480 மில்லி ஆச்சு. 750 மில்லி ஃபுல் ஒன்று வாங்கினால் மிஞ்சும், மிஞ்சட்டும். நம்ம ஊரில் விற்கும் வோட்கா, ரம், பிராந்தியில் பெரும்பாலானவை 42.8 சதவீதம், அதாவது 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். ஈரலால் மணிக்கு ஏறக்குறைய அவ்வளவைத்தான் சமாளிக்க முடியும், சிலருக்கு அதுவும் முடியாது. ஷாட்டில் இருக்கும் வில்லங்கமே இதுதான்: குடிக்க மூணு செகண்டு, முழுசாக ஏற அரைமணி முதல் ஒரு மணி நேரம். ஏறுவதற்குள் "ஒண்ணும் பண்ணலையே மாப்ள" என்று அடுத்த மூணு உள்ளே போய்விடும். அதனால் பாட்டில் உங்கள் கையில் இருக்கட்டும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் விடுங்கள், ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நடுவில் யாராவது பாட்டு போட்டு ஆடினால் ரொம்ப நல்லது.

கலவை கேட்டீர்கள். எங்கள் கேட்டரிங்கில் அதிகம் போவது கொய்யா ஷாட்தான். கொய்யா ஜூஸ் 30 மில்லி, வோட்கா 20, எலுமிச்சைச் சாறு 5. கிளாஸ் விளிம்பை எலுமிச்சை மூடியால் ஒரு சுற்றுத் தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுங்கள். குலுக்க ஷேக்கர் வேண்டாம், இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் நிறையப் போட்டு, பத்துப் பன்னிரண்டு செகண்டு குலுக்கினால் டப்பா வெளிப்பக்கம் வேர்த்துக் கை விறைக்கும், அப்போது வடிகட்டி ஊற்ற வேண்டியதுதான். சோடாவை மட்டும் டப்பாவுக்குள் விட்டுக் குலுக்கிவிடாதீர்கள், மூடி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பொள்ளாச்சி இளநீர் கிடைத்தால் இளநீர் 30, வெள்ளை ரம் 20, இஞ்சித் தட்டிப் போட்ட நாட்டுச்சர்க்கரைப் பாகு 5. இது ரொம்ப சாதுவாக இறங்கும், அதனாலேயே எண்ணிக் குடிக்க வேண்டியது.

வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஆரம்பிக்கக் கூடாது. முதல் சுற்றுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு தட்டு அரிசியும் பருப்பும் சோறு, நெய் விட்டு. பள்ளிபாளையம் சிக்கன் அப்புறம் வரட்டும், அந்தக் காரத்துக்குத் தண்ணீருக்குப் பதில் ஷாட்டைக் கவிழ்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவிநாசிக்குத்தானுங்க போகோணும், ரெண்டே ஷாட்தான், பைக் ஓட்டலாமா? (பெயர் வேண்டாம்)

கூடாது. சட்டத்தில் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், ரெண்டு பெக்கிலேயே பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பாயை விரித்து மாடியிலேயே படுங்கள்.

தம்பிக்கு 19 வயசு. வீட்டுக்குள்ளதானே, ஒரு ஷாட் கொடுக்கலாமா? (பல்லடம்)

தமிழ்நாட்டில் 21. அதுவரை அவனுக்குப் பன்னீர் சோடா.

கலர் கலராக அடுக்கு ஷாட் செய்ய முயன்றேன். எல்லாம் கலந்து சாக்கடைக் கலரில் வந்தது. எங்கே தப்பு? (வாசகி, பொள்ளாச்சி)

ஊற்றின வரிசையில் தப்பு, அல்லது அவசரத்தில் தப்பு. சர்க்கரை கூடினால் கனம், ஆல்கஹால் கூடினால் லேசு. சமபங்கு சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த பாகு ஒரு மில்லிக்குச் சுமார் 1.2 கிராம் வரும், வோட்கா 0.95தான். அதனால் அடியில் நன்னாரி சர்பத்தோ ரோஸ் சிரப்போ, நடுவில் ஜூஸ், மேலே வோட்கா. வெளிநாட்டு பார்களில் பி-52 என்று மூன்றடுக்கு ஷாட் ஒன்று உண்டு, அடியில் காபி லிக்கர் (லிக்கர் என்றால் இனிப்புச் சேர்த்த மது), நடுவில் ஐரிஷ் கிரீம் என்கிற கிரீம் லிக்கர், மேலே ஆரஞ்சு லிக்கர். அதுவும் இதே கணக்குத்தான்.

ஊற்றும்போது டீ ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் முனை கிளாஸின் உள்சுவரைத் தொடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, முதுகின் மேல் நூல் மாதிரி விடுங்கள். எல்லாமே ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததாக இருந்தால் இன்னும் நன்றாக நிற்கும். கிரீம் லிக்கர் சேர்க்கிற ஷாட்டில் எலுமிச்சையைக் கொண்டுவராதீர்கள், பால் திரிகிற மாதிரி திரிந்து வாயிலேயே கட்டியாகிவிடும்.

சைனா கிராஸில் ஜெல்லி ஷாட் செய்தேனுங்க, உறையவே இல்லை. வோட்காவையும் எலுமிச்சையையும் சேர்த்தே கொதிக்க வெச்சேன். (ஈரோடு)

அய்யோ, அடுப்பில் வோட்காவா! அந்த ஆவி தீப்பிடிக்கும் அம்மிணி, ஒன்றும் ஆகாமல் போனதே பெரிசு. எலுமிச்சையின் புளிப்போடு கொதித்தால் சைனா கிராஸ் உறையும் சக்தியை இழந்துவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான். 10 கிராம் பாக்கெட்டை 350 மில்லி தண்ணீரில், திரி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கரையும்வரை தனியாகக் கொதிக்க விடுங்கள். சர்க்கரை சேர்த்து அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அடுப்பைவிட்டுத் தூர எடுத்து வைத்து, ஆவி அடங்கின பிறகு 150 மில்லி வோட்கா, அப்புறம் எலுமிச்சைச் சாறு. வோட்கா ஃபிரிட்ஜில் இருந்து வந்ததாக இருக்கக் கூடாது, ஊற்றின இடத்திலேயே கட்டி கட்டியாகிவிடும். இருபது குட்டிக் கப்பில் ஊற்றினால் ஒவ்வொன்றிலும் ஏழரை மில்லி, நாலு கப் ஒரு சின்ன பெக்.

ஜெலட்டினில் செய்கிறவர்கள் வேகவைக்காத அன்னாசி, பப்பாளி பக்கம் போகாதீர்கள், அதில் இருக்கும் நொதி ஜெலட்டினைக் கரைத்துவிடும். ஜெலட்டின் மாட்டெலும்பு, தோலில் இருந்தெல்லாம் வருவது, சைவக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், குழந்தைகள் கண்ணுக்கு இது வெறும் ஜெல்லி. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் அஞ்சு வயசுப் பிள்ளை எடுத்துத் தின்னும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆல்கஹால் ரத்தத்தில் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும், விளையாட்டு இல்லை.

ஷாட்டைக் கொளுத்திக் குடிக்கும் வீடியோ பார்த்தோம். வீட்டில் செய்யலாமா? (கோவை கல்லூரி நண்பர்கள்)

வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஓட்டலில், அணைந்துவிட்டது என்று நினைத்து எரிந்துகொண்டிருந்த கிளாஸிலேயே பாட்டிலைச் சாய்த்தேன். அந்த நெருப்பு வெளிர்நீலம், டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பாட்டில் வாய்வரை ஏறி வந்தது. முழங்கை வரை ரோமம் பொசுங்கிய வாசனை ரெண்டு நாள் போகவில்லை. எனக்கு அதிர்ஷ்டம், எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கவில்லை.

நடுவுல பீர் குடிச்சா போதை குறையுமா? எனர்ஜி டிரிங்க் கலந்தா தெளிவா இருக்கேனே? (சரவணம்பட்டி)

குறையாது, கூடும். 8 சதவீதம் என்று லேபிளில் போட்ட 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று நாலு சின்ன பெக்குக்குச் சமம். எனர்ஜி டிரிங்கில் இருக்கும் காஃபின் தூக்கத்தை மட்டும் விரட்டும், போதையை ஒரு துளி குறைக்காது. விழுந்து தூங்கவேண்டியவனை எழுப்பி உட்கார வைத்து இன்னும் ரெண்டு ஊற்றச் சொல்லும், அவ்வளவுதான்.

மாமனார் சர்க்கரை மாத்திரை போடுகிறார். "ஒரு ஷாட்டுதான் மாப்ளே" என்கிறார். (கரூர்)

மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். கிளிமிபிரைடு இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, குடித்தபின் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வேர்க்கும், நாக்கு குழறும், தள்ளாடுவார். பார்க்கிறவர்கள் "மாமாவுக்கு ஏறிடுச்சு" என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரை போடுகிறவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது, ரெண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

எங்க வீட்டு மாடியில் மகனின் சிநேகிதன் ஒருத்தன் போட்டிபோட்டு ஏழெட்டு ஷாட் குடித்து மயங்கிவிட்டான். மோர் கொடுத்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். காலையில் எழுந்துவிட்டான். ஆனால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? (ஒரு அம்மா, கோபி)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. மயங்கின பிறகும் வயிற்றில் இருக்கும் சரக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் "தூங்கினால் தெளிந்துவிடும்" என்பது அந்த நேரத்தில் பொய். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் தெளிய வைக்காது. சுய நினைவு இல்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்து. தலையில் தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே குளிர்ந்துபோகிற உடம்பு இன்னும் குளிரும்.

செய்யவேண்டியது இது. தோளைத் தட்டி, உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எழவில்லை என்றால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைந்தால், ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் பத்து செகண்டு இடைவெளி விட்டால், உதடு நீலம் பாய்ந்தால், இதில் ஒன்று இருந்தாலும் 108. மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துத் திருப்பி, மேல் முழங்காலை மடித்து முட்டுக் கொடுத்து, வாய் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி தலையை வையுங்கள். கொரகொரவென்று குறட்டை கேட்டால் நல்ல தூக்கம் என்று நினைக்க வேண்டாம், தொண்டையில் அடைப்பாக இருக்கலாம். ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. "போலீஸ் வருமோ, அவங்க அப்பாவுக்குத் தெரியுமோ" என்று பையன்கள் தயங்குவார்கள். அந்த இடத்தில் நீங்கள் போனை எடுத்துவிடுங்கள் அம்மா. மகனிடம் திட்டாமல் ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள், போட்டி கூடாது.

பாண்டியிலிருந்து மலிவாக பாட்டில் கொண்டுவரலாமா? தெரிஞ்சவர் ஒருத்தர் "நாட்டுச் சரக்கு, சுத்தம்" என்று கேனில் தருகிறாரே? (தாராபுரம்)

முதலாவது, பர்மிட் இல்லாமல் சட்டப்படி குற்றம். ரெண்டாவது, உயிருக்கே ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். ருசியிலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் பார்வையைப் பறிக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். சீல் உடையாத பாட்டில் தவிர எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

எங்க வீட்டு விசேஷத்தில் குடிக்காதவங்கதான் அதிகம். அவங்களுக்கும் அந்தக் குட்டிக் கிளாஸில் ஏதாவது தரலாமா? அம்முச்சி ஆசைப்படுது. (உடுமலை)

தாராளமாக. நன்னாரி சர்பத் 15 மில்லி, எலுமிச்சை 5, குளிர்ந்த சோடா 20, ஒரு சிட்டிகை உப்பு, அதே மிளகாய் விளிம்பு. ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: குடிக்கிறவர்கள் கிளாஸுக்கும் இதற்கும் நிறம் வித்தியாசமாக இருக்கட்டும், இருட்டில் மாறிப் போய்விடும். "இத்துனூண்டு டம்ளரா?" என்று அம்முச்சி திட்டினால் சொம்பில் ஊற்றிக் கொடுங்கள்.