கரண்ட் போய் வந்தாலும் சுவிட்ச் தானாக எழும்ப வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை சிஸ்கோ கற்றலிஸ்ட் 2960 வகைச் சுவிட்சுகளைப் பற்றியவை (கணினிகளைக் கேபிளால் ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகள் இவை). ஆகவே பதில்களும் அந்த வகைக்கே. கட்டளைகளை உச்சரிப்பின்படி அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளை புதுக்குடியிருப்பில். இரண்டு சுவிட்சுகளும், பல வீலான்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி வலையமைப்புகளை) ஒன்றாகக் கொண்டுபோகும் ட்ரங்க் இணைப்பில் உள்ளன. கமராக்களுக்கென்று வீலான் 40 ஐப் புதிதாகச் சேர்க்கக் கிளைச் சுவிட்சில் ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 40’ என்று கொடுத்த உடனேயே கிளை முழுவதும் அறுந்துவிட்டது. ஆள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. என்ன பிழை? (கிளிநொச்சி)

பதில்: ‘வீலான்’ என்பதற்குப் பிறகு ‘அட்’ போடவில்லை. அது இல்லாமல் கொடுத்தால் 40 ஐயும் சேர் என்று சுவிட்ச் எடுத்துக்கொள்ளாது. 40 ஐ மட்டும் விடு என்றே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அந்த ட்ரங்கில் போய்க்கொண்டிருந்த அலுவலக வீலானும், நீங்கள் உள்ளே நுழையப் பாவிக்கும் நிர்வாக வீலானும் அந்தக் கணமே வெளியே தள்ளப்பட்டுவிடும். சரியான வடிவம் ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் அட் 40’. வீலான் 40 ஐ இரண்டு சுவிட்சுகளிலும் உருவாக்கி, ட்ரங்கின் இரு முனைகளிலும் சேர்க்க வேண்டும். பிறகு ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்’ கொடுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில், அதாவது உண்மையில் போய்வரும் வீலான்களின் வரிசையில், 40 இருக்க வேண்டும். மேலே உள்ள அனுமதி வரிசையில் மட்டும் இருந்தால் போதாது.

ஆனால் தூரத்துச் சுவிட்சில் கைவைப்பவர் எவரும் பிழை விடாமல் இருக்க முடியாது. அதனால் பிழை விட்டாலும் தானாகத் திரும்பி வரும்படி முதலே கட்டிவைக்க வேண்டும். முதலில் ‘ரைட் மெமரி’ கொடுத்து நன்றாக வேலைசெய்யும் நிலையைச் சேமியுங்கள். அடுத்து ‘ரீலோட் இன் 10’. பத்து நிமிடத்தில் சுவிட்ச் மீள இயங்கும். அதற்குப் பிறகுதான் மாற்றத்தைச் செய்ய வேண்டும். இணைப்பு அறுந்தால் காத்திருங்கள். பத்தாவது நிமிடம் சுவிட்ச் மீள இயங்கி, சேமித்த பழைய அமைப்போடு எழும்பும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கான்சல்’, பிறகு ‘ரைட் மெமரி’. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. சோதித்துப் பார்க்க முன்னரே சேமித்துவிட்டால், மீள இயங்கும்போதும் அதே பிழையோடுதான் எழும்பும்.

உங்கள் விடயத்தில்கூட ஆள் போயிருக்கத் தேவையில்லை. பிழையான கட்டளையை நீங்கள் சேமிக்காவிட்டால், கிளையில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி மாட்டச் சொன்னாலே பழைய நிலை வந்திருக்கும். ட்ரங்கின் வகையையோ நேட்டிவ் வீலானையோ (ட்ரங்கில் எண் குறிக்கப்படாமல் போகும் வீலான்) மாற்றும்போது இன்னொன்று: தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள், கிட்டவுள்ளதைப் பிறகு. கிட்டவுள்ளதை முதலில் மாற்றினால் தூரத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் சுவிட்சின் பதிவுகளில் 1993 மார்ச் 1 என்று திகதி வருகிறது. சுவிட்ச் பழுதா? (ஒட்டுசுட்டான்)

பதில்: பழுதில்லை. இந்த வகையில் மணிக்கூட்டுக்கென்று பற்றரி கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். எழும்பும்போது 1993 மார்ச் 1 இலிருந்து எண்ணத் தொடங்கும். பதிவு வரியின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் ‘இந்த நேரத்தை நம்பாதே’ என்று சுவிட்சே சொல்கிறது என்று அர்த்தம். ‘என்டிபி சர்வர்’ என்று கொடுத்து நேர வழங்கியின் (வலையமைப்பு வழியாகச் சரியான நேரம் தரும் கணினியின்) முகவரியைப் போடுங்கள். ‘க்ளொக் டைம்ஸோன் எஸ்எல்எஸ்டி 5 30’, ‘சர்விஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லொக் டேட்டைம் லோக்கல்டைம்’ இரண்டையும் சேருங்கள். கடைசியில் உள்ள ‘லோக்கல்டைம்’ விடுபட்டால் பதிவுகள் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும்.

பதிவுகள் தற்காலிக நினைவகத்தில் இருப்பதால் மின்தடையோடு அவையும் அழியும். அலுவலகத்தில் எந்நேரமும் இயங்கும் கணினி ஒன்று இருந்தால், ‘லொக்கிங் ஹோஸ்ட்’ மூலம் அதற்கு அனுப்பிவைப்பது நல்லது. சுவிட்ச் ஏன் நின்று எழும்பியது என்பதை ‘ஷோ வெர்ஷன்’ காட்டும். அங்கே ‘பவர்-ஒன்’ என்றிருந்தால் கரண்ட் போய் வந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் சில நாட்களில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முடங்கிவிடுகின்றன. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வேகமாக மின்னுகின்றன. (மல்லாவி)

பதில்: இது வளையம். மேசையில் வைத்திருக்கும் எட்டுப் போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட சின்னச் சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ செருகியிருக்க வேண்டும். ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. எல்லோருக்குமாகப் போன ஒரு தகவல் வளையத்தில் அகப்பட்டால் பெருகிப் பெருகிச் சுற்றும். பெரிய சுவிட்சில் ‘ஷோ லொக்கிங்’ கொடுத்தால் ‘மக்ஃப்ளாப்’ (ஒரே கருவியின் முகவரி மாறி மாறி வேறு போர்ட்களில் தெரிகிறது) என்ற வரிகள் பல தடவைகளில் காணப்படும். அவற்றில் வரும் போர்ட் எண்களிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

இனி நடக்காமலிருக்க, கணினிகளும் சின்னச் சுவிட்சுகளும் பொருத்திய போர்ட்களில் ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’, ‘ஸ்பானிங்-ட்ரீ பிபிடியுகார்ட் எனேபிள்’ இரண்டையும் போடுங்கள். வளையம் உண்டானால் பெரிய சுவிட்ச் அனுப்பிய சொந்தச் செய்தி (பிபிடியு) அதே போர்ட்டுக்குத் திரும்பி வரும். அதைக் கண்டதும் சுவிட்ச் அந்தப் போர்ட்டை மட்டும் மூடிவிடும். ஒரு மேசை நிற்கும், ஆய்வுகூடம் நிற்காது. மற்றப் பெரிய சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் இவற்றைப் போடவே வேண்டாம். போட்டால் அந்த இணைப்பே மூடப்படும்.

மூடிய போர்ட் தானாகத் திறக்காது. பாடசாலையில் எந்நேரமும் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஆகவே ‘எர்டிஸேபிள் ரிகவரி கோஸ் பிபிடியுகார்ட்’ என்பதையும் கொடுங்கள். 300 செக்கனுக்கு ஒருமுறை போர்ட் திறந்து பார்க்கும். வளையம் இன்னும் இருந்தால் திரும்ப மூடும். போர்ட்ஃபாஸ்டினால் இன்னொரு நன்மை: கணினி போட்டதும் 30 செக்கன் வலையமைப்பு கிடைக்காமல் நிற்பதும் தீரும்.

கேள்வி: பாவித்த சுவிட்ச் ஒன்று வாங்கினோம். கடவுச்சொல் தெரியாது. (வவுனியா)

பதில்: கொன்சோல் கேபிளால் (சுவிட்சை அமைப்பதற்கென்றே உள்ள கேபிள்) கணினியோடு பொருத்தி, வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டொப் 1 என்று அமையுங்கள். பிளக்கைக் கழற்றி, முன்பக்க ‘மோட்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மாட்டுங்கள். ‘எஸ்வைஎஸ்டி’ விளக்கு ஒரு கணம் மஞ்சளாகிப் பிறகு பச்சையில் நிலைக்கும் வரை கையை எடுக்க வேண்டாம். ‘ஃப்ளாஷ்_இனிட்’ கொடுத்து, ‘கொன்ஃபிக்.டெக்ஸ்ட்’, ‘வீலான்.டட்’ என்ற இரண்டு கோப்புகளையும் ‘டிலீட்’ செய்து, ‘பூட்’ கொடுங்கள்.

இரண்டாவது கோப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய இடத்தின் வீலான் பட்டியலும், விடிபி (சுவிட்சுகள் அந்தப் பட்டியலைத் தமக்குள் பகிரும் முறை) டொமைன் பெயரும், பட்டியல் மாறும்தோறும் கூடும் திருத்த எண்ணும் அதில்தான் இருக்கும். டொமைன் பெயர் உங்கள் வலையமைப்பினதாக இருந்து, எண்ணும் உங்களதைவிடக் கூடுதலாக இருந்தால், ட்ரங்கில் மாட்டியதும் உங்கள் சுவிட்சுகளில் உள்ள வீலான் பட்டியலை அது அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். ஒரே நிறுவனத்தின் இன்னொரு கிளையிலிருந்து கொண்டுவந்த சுவிட்ச் என்றால் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. எழும்பியதும், அந்தப் பகிர்விலிருந்து விலக்கிவைக்க ‘விடிபி மோட் ட்ரான்ஸ்பேரன்ட்’ கொடுங்கள். ‘நோ வீஸ்டக்’ கொடுத்து, புதிய சுவிட்சைத் தூரத்திலிருந்தே அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டோல் வசதியையும் நிறுத்துங்கள்; 2018 இல் அதில் பாரதூரமான பாதுகாப்புக் குறை ஒன்று வெளிவந்தது.

கேள்வி: இரண்டு கட்டடங்களுக்கிடையே 120 மீற்றர். கேபிள் இழுத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் மின்னலடித்தால் இரு பக்கமும் போர்ட்கள் எரிகின்றன. (முல்லைத்தீவு)

பதில்: செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். அதற்குள் இருந்தாலும் வெளியே கட்டடம் விட்டுக் கட்டடம் செப்பு இழுப்பது எங்கள் பகுதிக்குச் சரிவராது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரும்போது ஒரு கட்டடத்தின் நில இணைப்பில் ஏறும் மின்னழுத்தம் அந்த வயர் வழியாகவே மற்றதற்குப் போகும். சிங்கிள்மோட் ஃபைபர் (ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) இழுங்கள். இரண்டு இழை போதும் என்றாலும் நான்கு இழையுள்ளதை எடுங்கள். ஒன்று முறிந்தால் மாற்று இருக்கும். இரும்புக் கவசமில்லாத வகையாக இருக்கட்டும். கவசமும் மின்னைக் கடத்தும். இரு பக்கமும் ஒரே வகை எல்எக்ஸ் எஸ்எஃப்பி தொகுதி (ஃபைபரைச் சுவிட்சில் பொருத்த உதவும் சின்னத் துண்டு) வேண்டும். பொருத்தும்வரை தூசி மூடிகளைக் கழற்ற வேண்டாம். மாட்டியும் இணைப்பு விளக்கு எரியாவிட்டால், ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம்மாற்றிச் செருகிப் பாருங்கள்.