தண்ணீர் ஏன் பழுப்பானது?

கேள்வி: சீன வைத்தியப்படி தினமும் வெந்நீரில் கால் வைத்தால் சிறுநீரகம் பலப்படுமாமே? மின்சாரத் தொட்டியில் கால் வைத்த பத்தாவது நிமிடம் நச்சு இறங்கித் தண்ணீர் பழுப்பானதை என் கண்ணாலேயே பார்த்தேன்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கண்ணால் பார்த்தீர்கள், சரி. அடுத்த முறை காலை வெளியே வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் பழுப்பாகும். உப்புத் தண்ணீரில் இரும்புத் தகடு, அதில் மின்சாரம்: துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? காலுக்குப் பதில் ஒரு முருங்கைக்காயை மிதக்கவிட்டாலும் நச்சு இறங்கும். எந்த நிறம் எந்த உறுப்பின் கழிவு என்று சுவரில் பட்டியல் தொங்குமே, அதைப் பார்த்து முருங்கைக்காய்க்கும் கல்லீரல் கோளாறு என்பார்கள். பத்து முறை வரச்சொல்லி முன்பணமும் வாங்குவார்கள்.

இந்தத் தொட்டிக்கும் சீனத்துப் பழைய கால் குளியலுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த வில்லன் மொழிபெயர்ப்பு. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நாம் ‘சிறுநீரகம்’ என்று மொழிபெயர்க்கும் சொல் ‘ஷென்’. சீன வைத்தியர் ‘ஷென்’ என்பது அவரை விதை வடிவில் இடுப்புப் பக்கம் இருக்கும் உறுப்பை மட்டும் அல்ல. வளர்ச்சி, எலும்பு, காது, பிள்ளைப்பேறு எல்லாம் அதன் பொறுப்பு. அதன் நாடி, அதாவது சக்தி ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதை, உள்ளங்காலில் தொடங்குகிறது. விரல்களை மடக்கினால் பாதத்தின் முன்பகுதியில் விழும் குழியின் பெயர் ‘யுங்சுவான்’, பொங்கும் ஊற்று. அங்கே சூடு பட்டால் ஷென்னுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. அதை நம்பிக் கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டும் கழிவு) குறையும் என்று காத்திருக்காதீர்கள்.

நிச்சயமாகக் கிடைப்பது தூக்கம். பாதத்து ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு வெளியேற, உடம்பின் உள்வெப்பம் இறங்கும், கண் சொக்கும். பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று 1999இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள்.

ஆழமான மர வாளிதான் வேண்டும், சூடு நிற்கும். உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே இன்னொரு முக்கியப் புள்ளி இருப்பதால் தண்ணீர் அதைத் தாண்டி நிற்க வேண்டும். அகலமான பேசினில் பாதம் மட்டும் நனைத்தால் ஐந்தே நிமிடத்தில் ஆறிவிடும். சூடு 40 டிகிரி செல்சியஸ், நேரம் 15 முதல் 20 நிமிடம். நெற்றி லேசாக வேர்த்ததும் காலை எடுத்துவிட வேண்டும்; வேர்த்து ஊற்றினால் சக்தி விரயம் என்பார்கள். இஞ்சியையோ மாசிபத்திரியையோ அப்படியே வாளியில் போடுவது வீண், அந்தச் சூட்டில் சாறு இறங்காது. தனியே கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்துக் கலக்க வேண்டும். சாப்பிட்ட உடனே கூடாது. முடிந்ததும் விரல் இடுக்கைத் துடைக்காவிட்டால் சேற்றுப்புண் வரும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியும். கர்ப்பிணிகள், சிலர் மூலிகையாகச் சேர்க்கும் குசும்பப்பூ போட்ட தண்ணீரைத் தொடக்கூடாது.

சீன ஊர்களில் இதற்கென்றே மாடி மாடியாகக் கடைகள் உண்டு. பலகையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் ‘கால் கழுவும் நகரம்’. அந்தப் பெயரில் ஈரோட்டில் ஒரு கட்டடம் திறந்தால், பேருந்தில் இருந்து இறங்கும் கூட்டம் வேறு அவசரத்தில் ஓடிவரும்.