அடுப்படித் தபால்: ஓவன் வேண்டாம், பாகு வேண்டும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஓவன் இல்லாமல் செய்யும் சாக்லேட் ஓட்ஸ் வில்லையைப் பற்றிப் பத்து வரியில் ஒரு குறிப்பு எழுதினேன். பத்து வரி போதவில்லை என்று வந்திருக்கும் கடிதங்களே சொல்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. ரசப்பொடி கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: நீங்கள் சொன்ன அளவுப்படிதான் செய்தேன். மூன்று மணி நேரமாகியும் உறையவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்த பிறகும் கரண்டியால்தான் எடுக்க முடிந்தது. ஓட்ஸைக் கூட்டிப் போட்டிருக்க வேண்டுமோ?* (வாசகி, திருநெல்வேலி)

வேண்டாம். கோளாறு ஓட்ஸில் இல்லை, பாகில் இருக்கிறது. ஓவன் வேண்டாம் என்றதும் அடுப்பு வேலையே பெரிதாக இல்லை என்று நினைத்துவிடுகிறோம். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை கரைந்தது, ஓரத்தில் நாலு குமிழி வந்தது, சரி போதும் என்று ஓட்ஸைக் கொட்டிவிட்டேன். சாயங்காலம் பேரன் வந்து தட்டைப் பார்த்தான். "பாட்டி, இது ஓட்ஸ் களியா?" என்றான். ஸ்பூன் போட்டுத்தான் கொடுத்தேன்.

என் மாமியாருக்குக் கோவில்பட்டிப் பக்கம். வயது எண்பத்திரண்டு. கோகோவை வாழ்நாளில் கையால் தொட்டதில்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பாகு பதம் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. மறுநாள் அவரே ஸ்டூலைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இன்னும் கொதிக்கட்டும், இன்னும் கொதிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி, இறக்கியபோது அது கடலைமிட்டாய்ப் பதத்துக்குப் போயிருந்தது. ஓட்ஸைக் கொட்டி இரண்டு கிளறு கிளறுவதற்குள் மொத்தமும் உதிர்ந்து புட்டு மாதிரி ஆகிவிட்டது. மாமியார் அசரவில்லை. "அப்ப இது கடலைமிட்டாய்ப் பாகு இல்ல, அதிரசப் பாகு" என்றார். மூன்றாம் தடவை அது சரியாக வந்தது.

ஆகவே உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன். அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் சர்க்கரை, கால் கப் பால், 55 கிராம் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குமிழி வந்தவுடன் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நடுவிலும் பொங்கி, கரண்டி விட்டுக் கிளறினாலும் அடங்காமல் தளதளவென்று கொதிக்க வேண்டும். அங்கிருந்துதான் ஒரு நிமிடக் கணக்கு. சந்தேகம் இருந்தால் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று திரண்டு வந்தால் அதுதான் பதம். கெட்டியாக உருண்டு நின்றால் தாண்டிவிட்டீர்கள். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, கிட்டத்தட்ட 112 டிகிரி.

அடுப்பை அணைத்து, வறுத்துத் தோல் நீக்கி மைய அரைத்த வேர்க்கடலை விழுது கால் கப், வெனிலா அரை டீஸ்பூன், ஓட்ஸ் ஒன்றரை கப். கிளறி, பட்டர் பேப்பரில் ஸ்பூன் ஸ்பூனாக வையுங்கள். பதினாறு வில்லை வரை வரும். அரை மணி நேரத்தில் மேல்புறம் பளபளப்புப் போய் மங்கும். அப்போது எடுக்கலாம். மழை நாளில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் களியைத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள், ஓட்ஸ் குழைந்துவிடும். நன்றாகக் குளிர வைத்து, நெய் தொட்ட கையால் சின்னச் சின்னதாக உருட்டி, தேங்காய்த் துருவல் பொடியில் புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வேண்டுமென்றே செய்தது போலவே இருக்கும்.

*கேள்வி: தேங்காய் எண்ணெயும் சாக்லேட்டும் உருக்கி ஓட்ஸ் சேர்த்து உறைய வைக்கும் ஒரு வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்தேன். ஃப்ரிட்ஜில் கல் மாதிரி இருந்தது. மகளின் டிபன் பாக்ஸில் பதினொரு மணிக்குள் குழம்பாகிவிட்டதாம். நான் என்ன தப்பு செய்தேன்?* (வாசகி, பெரம்பூர், சென்னை)

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, சென்னையில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில் பாட்டிலில் உறைவதையும் மாசியில் தெளிவதையும் பார்த்திருப்பீர்கள். நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி இளகும். நாவில் வைத்ததும் கரைகிறதே, அதற்கும் இதுதான் காரணம். மே மாதச் சென்னையில் 38 டிகிரியெல்லாம் சாதாரணம்.

கடையில் காம்பவுண்ட் சாக்லேட் என்று கட்டியாக விற்பார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அது வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் எனக்கு நாக்கில் மெழுகு பூசியது போல இருக்கும். டிபன் பாக்ஸுக்கு மேலே சொன்ன பாகு வில்லையே சரி. அதைப் பிடித்து நிறுத்துவது கொழுப்பில்லை, திரும்பப் பூத்து இறுகிய சர்க்கரை. அது வெயிலுக்கு இளகாது. ஈரக்காற்றுதான் அதற்கு ஆகாது, டப்பாவை இறுக்கி மூடுங்கள்.

*கேள்வி: ஓட்ஸை வேக வைக்காமல் பச்சையாகச் சாப்பிடலாமா? வீட்டில் மசாலா ஓட்ஸ்தான் இருக்கிறது.* (வாசகர், ஈரோடு)

கடையில் வரும் அவல் போன்ற ஓட்ஸ் முழுப் பச்சை இல்லை. ஆவியில் வேக வைத்துத்தான் உருளையில் தட்டையாக்குகிறார்கள். சாப்பிடலாம். சீக்கிரம் வேகும் மெல்லிய ரகம் வாங்குங்கள். தடித்த ரகம்தான் கிடைத்தால் மிக்ஸியில் இரண்டு சுற்று. வெட்டிய நொய் மாதிரி இருக்கும் ஓட்ஸ் இதற்கு உதவாது, பல்லில் நறநறக்கும். மசாலா ஓட்ஸை, ஐயா, உப்புமாவாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

*கேள்வி: சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் பால் திரிந்துவிட்டது. கணவருக்குச் சர்க்கரை நோய். வேறு வழி உண்டா?* (வாசகி, புதுக்கோட்டை)

வெல்லத்தோடு பாலைக் கொதிக்க வைத்தால் திரிவது அடிக்கடி நடப்பதுதான். பாயசத்தில் வெல்லப்பாகை ஆறவிட்டுச் சேர்ப்பது அதற்காகத்தான். பாலை விட்டுவிட்டுத் தண்ணீரில் பாகு காய்ச்சி, வடிகட்டி, அதே அதிரசப் பதத்தில் கோகோவும் நெய்யும் சேர்த்துக் கிளறலாம். நிறமும் மணமும் எனக்கு இதில்தான் பிடிக்கும்.

ஆனால் இரண்டாவது விஷயத்தில் உங்களைத் திருப்திப்படுத்த முடியாது. வெல்லமும் சர்க்கரைதான், பேரீச்சையும் சர்க்கரைதான். ஓட்ஸ் சேர்வதால் இனிப்பு மருந்தாகிவிடாது. ஒரு கப் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம். பதினாறாகப் பிரித்தால் ஒரு வில்லைக்கு 12 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன். இந்தக் கணக்கை அவருடைய மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். சமையல் பக்கம் பதில் சொல்லக் கூடாத கேள்வி இது.

*கேள்வி: சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று மண் கட்டி மாதிரி இறுகிவிடுகிறது.* (வாசகி, சேலம்)

தண்ணீர் பட்டிருக்கும். கீழ்ப் பாத்திரத்து ஆவியோ, ஈரக் கரண்டியோ, ஒரு சொட்டு போதும். தூக்கி எறியாதீர்கள். சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறினால் திரும்ப வழவழப்பாகும். பழையபடி கெட்டியாக உறையாது, ஆனால் ஓட்ஸ் போட்டு உருட்ட அதுவே நன்றாக இருக்கும்.

*கேள்வி: நான் ஸ்வீடனில் வேலை பார்க்கிறேன். இங்கே காபியோடு 'ஹாவ்ரெபோல்' என்று ஒரு ஓட்ஸ் உருண்டை தருகிறார்கள். அடுப்பே பற்ற வைக்காமல் செய்கிறார்கள். அம்மாவுக்கு அனுப்ப நம் ஊர்க் கணக்கில் குறிப்பு வேண்டும்.* (வாசகர், கோத்தன்பர்க்)

இதைப் படித்ததும் அன்றைக்கே செய்து பார்த்தேன். அந்த ஊர்க் கணக்கு டெசிலிட்டரில் இருக்கும், ஒரு டெசிலிட்டர் 100 மில்லி. அறைச் சூட்டில் இளகிய வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 1 டெசிலிட்டர், ஓட்ஸ் 3 டெசிலிட்டர், கோகோ 3 டேபிள்ஸ்பூன், ஆறிய கடுங்காபி 2 டேபிள்ஸ்பூன். பிசைந்து, உருட்டி, தேங்காய்த் துருவலிலோ வெள்ளைச் சர்க்கரை முத்துக்களிலோ புரட்டுகிறார்கள். மே 11 அன்று இந்த உருண்டைக்கென்று ஒரு நாளே கொண்டாடுகிறார்கள் அங்கே.

உங்கள் அம்மாவுக்கு இரண்டு மாற்றம். கடுங்காபிக்குப் பதில் ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன். என்னைக் கேட்டால் ஸ்வீடன்காரர்களுக்கே அதைச் சொல்லிக்கொடுக்கலாம். இன்னொன்று, நம் ஊர்ச் சர்க்கரைக் குருணை பெரிசு, பொடித்துப் போடட்டும். இதில் பாகு இல்லை, வெண்ணெய்தான் பிடிமானம். அதனால் ஃப்ரிட்ஜை விட்டு எடுத்தால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். என் மாமியார் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "அடுப்பே பத்த வெக்காத பலகாரமா" என்று சந்தேகத்தோடு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

*கேள்வி: ஆறு வயது மகள் தானே செய்வேன் என்று அடம் பிடிக்கிறாள். எதை அவளிடம் விடலாம்?* (வாசகி, தஞ்சாவூர்)

பாகை மட்டும் விடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அது இறங்கும் வரை அவள் அடுப்படிக்கு வெளியே இருக்கட்டும். வறுத்த கடலையை முறத்தில் தேய்த்துத் தோல் ஊதச் சொல்லுங்கள், வாசலில் வைத்து. உருண்டையைத் தேங்காயில் புரட்டுவதும் அவள் வேலை. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதென்றால் வகுப்பில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது என்றும் அவளிடம் சொல்லி வையுங்கள். கோகோ நாய்க்கு விஷம். பிள்ளைகள் முதலில் பங்கு போடுவது அதனிடம்தான்.