எட்டாம் வகுப்புக்குப் பிறகு யார் பொறுப்பு?

கேள்வி: காலை உணவு, மதிய உணவு, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் என அரசு எல்லாவற்றையும் கொடுக்கிறது. கல்விக்குக் கோடி கோடியாக ஒதுக்குகிறார்கள். அப்படியும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்றால், குற்றம் பெற்றோரிடம்தானே?
– வாசகர், வியாசர்பாடி, சென்னை

பதில்: இல்லை. பெற்றோர் மீது பழி போடும் முன், அந்தப் பணம் எந்த வயதுப் பிள்ளைக்குப் போகிறது, எந்த வயதில் நின்றுபோகிறது என்று பாருங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக்கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஊதியத்துக்குப் போகிறது, அதில் தவறில்லை. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், மதிய உணவு பத்தாம் வகுப்போடும், கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடும் முடிந்துவிடுகின்றன. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயோ கல்லூரியில் கால் வைத்த பிறகுதான் கிடைக்கும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது முடிந்தவர்களை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே தடுக்கிறது. வெளியில் கூலி கிடைக்கத் தொடங்கும் அதே வயதில் அரசின் கை தளர்கிறது என்பதே இதன் பொருள்.

சென்னை புதுப்பேட்டையின் வாகன உதிரிபாகக் கடைகளில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் பையனைக் கேளுங்கள். படிப்பு பிடிக்கவில்லை என்பான். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வாடகை பாக்கி என்பது வெளியே வரும். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை. அவர்களில் பலர் அதற்கு முந்தைய ஆண்டே பள்ளியை விட்டவர்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. மாணவர் சேர்க்கைக் கணக்கை வைத்து மகிழ்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இடைநிற்றலைத் தடுக்கவென்றே 2011-இல் ஒரு சிறப்பு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சேர்த்து 5,000 ரூபாய். அதுவும் படிப்பு முடிந்த பிறகு, வட்டியோடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்த மாத வாடகைக்குத் திணறும் தாய்க்கு, மூன்றாண்டு கழித்து வரும் பணம் எப்படிக் கைகொடுக்கும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூவம் கரையிலிருந்து குடும்பங்களை அரசு கல்வியாண்டின் நடுவில், நகருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்துக்கொண்டுபோய் விட்டது எந்தப் பெற்றோரும் எடுத்த முடிவல்ல. பழைய பள்ளியிலேயே தேர்வை எழுதிவிட விடியுமுன் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் உண்டு. அந்த அலைச்சல் தாங்காமல் விட்டுவிட்டவர்களும் உண்டு. அம்மா வீட்டுவேலைக்கு முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைக் கிளப்பி அனுப்பும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் தலையில் விழுந்தால், முதலில் நிற்பது அவளுடைய படிப்புதான்.

மத்திய அரசும் இதில் தப்ப முடியாது. 60 விழுக்காட்டை மத்திய அரசு தர வேண்டிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழி பற்றிய வாதம் நடக்கட்டும். ஆனால் பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையங்களும், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா விடுதிகளும் இந்தத் திட்டத்தில்தான் நடக்கின்றன. நின்றுபோன பிள்ளையைத் திரும்ப அழைத்துவரும் பணத்தைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுவது அநியாயம்.

கல்லூரியில் தரும் 1,000 ரூபாயை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதந்தோறும் தாயின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். மதிய உணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள். கோடை விடுமுறை தவிர வேறு எந்த மாதத்திலும் ஒரு குடியிருப்பையும் அகற்றாதீர்கள். இவற்றைச் செய்த பிறகும் ஒரு பிள்ளை நின்றால், பெற்றோரிடம் போய்க் கேட்போம். நானும் உங்களோடு வருகிறேன்.