இருட்டும் குளிரும் வரும்போது மணிக்குழுவைக் கலையாமல் வைத்திருப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். 2023-இல் மன்னர் சார்ல்ஸ் முடிசூட்டு விழாவை ஒட்டிப் புதியவர்களைச் சேர்த்தபோது நானும் எங்கள் தேவாலய மணியடிக்கும் குழுவில் சேர்ந்தேன். கோபுரத்தில் ஆறு மணிகள். கோடையில் எட்டுப் பேர் வந்தோம். இப்போது நாலு பேர்தான். இலையுதிர் மாதங்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுமாறு கேப்டன் என்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரின் இரண்டாவது ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். "புதன்கிழமை பயிற்சிக்கு வாங்க" என்று பொதுவாகக் கூப்பிட்டால் மழையும் இருட்டும் ஆளை வீட்டிலேயே உட்கார்த்திவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று கூப்பிட்டால் வருவார்கள். முதல் உலகப் போரில் சுமார் 1,400 மணியடிப்பவர்கள் இறந்தார்கள். அதே அளவு புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்றே 2018-இல் நாடு முழுக்க ஓர் இயக்கம் நடந்தது. இதைப் புதியவர்களுக்குச் சொல்லுங்கள். தான் பிடிக்கும் கயிற்றை முன்பு யார் பிடித்திருப்பார் என்று யோசிக்கத் தொடங்கியவர் எளிதில் விலகுவதில்லை.

அன்று மணிகளைப் பாதி மூடி அடிப்பது வழக்கம். மணிநாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் உறையை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஹேண்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது கயிற்றின் கம்பளிப் பிடியை இழுக்கும் அடியில், மணி முழுக் குரலில் ஒலிக்கும்; பேக்ஸ்ட்ரோக்கில், அதாவது கயிற்றின் நுனியை இழுக்கும் அடுத்த அடியில், அதே ஒலி தூரத்திலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். கேட்கும்போது நெஞ்சைப் பிசையும். ஆனால் கற்றுக்கொள்பவருக்குக் கடினம், பாதி அடிகளில் தன் மணியே காதில் சரியாக விழாது. அதனால் முந்தைய பயிற்சி நாளிலேயே உறையைக் கட்டிப் பழக்குங்கள். மணிகள் வாய் கீழ்நோக்கி இறக்கப்பட்டிருக்கும்போதுதான் கட்ட வேண்டும், அனுபவமுள்ளவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஞாயிறு காலை வார்களை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நழுவியிருக்கலாம்.

சரி, அதுவரை நாலு பேரை வைத்து என்ன செய்வது? ஆறு மணியையும் அடிக்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். கடைசி நாலு மணிகளை எடுத்து 'கால் சேஞ்ச்' (call change: நடத்துபவர் குரல் கொடுக்கும்போது மட்டும் மணிகளின் வரிசையை மாற்றும் முறை) அடியுங்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள டெவனில் பல குழுக்கள் இதை மட்டுமே அடிக்கிறார்கள். அடிகளுக்கு இடையிலான இடைவெளி அவ்வளவு சீராக இருக்கும். நாலு மணியில் ஒழுங்காக அடிப்பது ஆறு மணியில் தடுமாறுவதைவிட எவ்வளவோ மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோபுரம் சில்லிட்டிருக்கும் வாரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஹேண்ட்பெல் (கைமணி) அடியுங்கள். ஆளுக்கு இரண்டு மணி, இரண்டு பேர் போதும். பிளெய்ன் ஹன்ட் என்ற அடிப்படைப் பயிற்சி இது (1 மிகச் சிறிய மணி, 4 மிகப் பெரியது; ஒவ்வொரு நான்கு எண்களும் மணிகள் ஒலிக்கும் ஒரு வரிசை): 1234, 2143, 2413, 4231, 4321, 3412, 3142, 1324, மறுபடி 1234. இதில் 1-ஐ மட்டும் விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். ஒவ்வோர் இடமாக நகர்ந்து கடைசிக்குப் போய், அங்கே இரண்டு அடி நின்று, அதே வழியில் திரும்புகிறது. கோபுர மணி முழு வட்டம் சுற்றி வருவதால் ஒரு வரிசைக்கு ஓர் இடத்துக்கு மேல் நகர்த்த முடியாது. இந்தக் கலையே அதன்மேல்தான் நிற்கிறது. சமையலறை மேசையில் இது மண்டையில் ஏறிவிட்டால் கோபுரத்தில் பாதிப் பயம் போய்விடும்.

அக்கம்பக்கக் கோபுரங்களிலிருந்து இரண்டு மூன்று பேரை அழைத்தால் நவம்பர் கடைசியில் ஒரு குவார்ட்டர் பீலுக்கும் (நிறுத்தாமல் அடிக்கும் நீண்ட தொடர்) முயலலாம். ஆறு மணியில் சுமார் 1,260 வரிசை மாற்றங்கள், முக்கால் மணி நேரம். ஐந்து மணிகள் இடம் மாற, ஆறாவது எப்போதும் கடைசியாகவே ஒலிக்கும் முறைகள் உண்டு. நிதானமாக அடிக்கும் புதியவர் ஒருவருக்கு அந்த ஆறாவதைக் கொடுங்கள்.

அப்புறம் கயிறு. நூலிழைக் கயிறு ஈரக்காற்றில் சுருங்கும். போன வாரம் கைக்குச் சரியாக இருந்த நுனி இந்த வாரம் எட்டாது. கற்பவர் தன் கைதான் மறந்துவிட்டது என்று நினைத்து வாடிப்போவார். அடிக்கத் தொடங்குமுன் நுனியின் நீளத்தைச் சரிசெய்து கொடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பாராட்டும்போதும் இப்படித்தான். "நல்லா இருந்தது" என்றால் அது காற்றோடு போய்விடும். "இன்றைக்கு உங்கள் பேக்ஸ்ட்ரோக் ஒன்றுகூட முந்தவில்லை" என்றால் அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

வராத நாலு பேருக்கும் இந்த வாரமே போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "நவம்பர் ஞாயிறுக்கு மூன்றாவது மணி உங்களுக்கு. புதன்கிழமை நான் காரில் வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லுங்கள்.