எந்த உரம் என்று கேட்கும் முன், எந்த மாதம் என்று பாருங்கள்

வீட்டுத் தோட்டம் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "என்ன ஊற்றலாம்?" என்றுதான் முடிகின்றன. எந்த ஊர், எந்த மாதம் விதைத்தீர்கள், செடிக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எழுதுபவர்கள் குறைவு. எனக்கு அவைதான் முதலில் வேண்டும். இந்த ஆண்டு வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நம்பி ஆடி முதல் வாரத்தில் தக்காளி விதைத்தேன். செடி செழிப்பாக வந்தது. ஐப்பசி மழையில் பழமெல்லாம் வெடித்து, செடியும் அழுகிவிட்டது. பழமொழி பொய்யா?
— வாசகர், தாம்பரம்

பழமொழி பொய்யில்லை. ஆனால் அது மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் காட்டுக்காரர் போட்ட கணக்கு. குழாய்த் தண்ணீரில் மாடியில் வளர்ப்பவர் தன் கணக்கைத் தானே போட வேண்டும். தக்காளி நாற்றை ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கி நடுகிறோம். நட்டு 60, 70 நாளில் முதல் பழம். இதை ஆடி முதல் வாரத்தோடு கூட்டிப் பாருங்கள், நேராக ஐப்பசியில் வந்து நிற்கும். சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. காய்ந்து கிடந்த வேர் திடீரென்று தண்ணீரைக் குடிக்கும்போது பழத்தின் உள்சதை பருத்துவிடுகிறது, தோல் அந்த வேகத்துக்கு விரிவதில்லை. அதனால்தான் வெடிப்பு. இதற்கு எந்தக் கரைசலும் மருந்தல்ல.

உங்கள் ஊரில் கார்த்திகை நடுவில், மழைச் சாரல் படாத இடத்தில் நாற்று விடுங்கள். மார்கழியில் நடுங்கள். மாசியில் பழம் பறிக்கத் தொடங்கலாம். சித்திரை வெயில் ஏறியதும் பூ உதிரும், அப்போது செடியை எடுத்துவிடலாம். ஆடியில் மாடிக்கு ஏற்றவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், கொடிக் காய்கள். வெண்டையும் கொத்தவரையும் பெருமழைக்கு முன்பே நிறையக் கொடுத்துவிடும். கத்தரியும் மிளகாயும் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் மழையைத் தாண்டிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. கோவைக்கு மேற்கே ஆனி, ஆடியில் சாரலும் காற்றும். அங்கிருப்பவர்கள் சென்னைக்காரரின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சித்திரையில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கொடி அவரை விதையை ஊன்றினேன். கொடி பந்தலை மூடிவிட்டது. புரட்டாசி வந்தும் ஒரு பூ இல்லை. பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேமோர்க் கரைசல் மூன்றும் தெளித்துவிட்டேன். அடுத்து என்ன தரலாம்?
— வாசகி, ஸ்ரீரங்கம்

ஒன்றும் தர வேண்டாம். காத்திருங்கள். பழைய நாட்டுக் கொடி அவரை பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். நீங்கள் சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் அது மார்கழி, தையைப் பார்த்துத்தான் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரைக்காய் தவறாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். சித்திரையில் விதைத்ததால் உங்களுக்குக் கிடைத்தது நான்கு மாத இலை மட்டுமே. ஆண்டு முழுக்கக் காய் வேண்டுமென்றால், நாள் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்கள் கிடைக்கின்றன. ருசியில் நாட்டு அவரைக்கு நிகர் இல்லை என்பது என் கட்சி.

பூக்கும் வேளையில் கொடி நுனிகளைப் புரட்டிப் பாருங்கள். பனிக்காலத்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பியிருக்கும். அது பரவும் முன் அந்த நுனியைக் கிள்ளி எறிவதே போதும்.

சுரைக்கொடியில் தினமும் பிஞ்சு வருகிறது. மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது. சத்துக் குறைவா?
— வாசகர், மதுரை

சத்துக் குறைவு இல்லை. மகரந்தம் போய்ச் சேரவில்லை. நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது இன்னும் பிஞ்சே ஆகவில்லை. பெண் பூவுக்குக் கீழே பிறக்கும்போதே குட்டிச் சுரைக்காய் வடிவம் இருக்கும். ஆண் பூ வெறும் நீளக் காம்பில் நிற்கும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் படாவிட்டால் அந்தக் குட்டிக் காய் வாடி உதிர வேண்டியதுதான்.

பூசணியும் பாகலும் விடியலில் மலர்கின்றன, தேனீ வந்து வேலையை முடித்துவிடுகிறது. சுரைப்பூ மலர்வது மாலை ஐந்து, ஆறு மணிக்கு மேல். அந்திப்பூச்சிகளை நம்பிய பூ அது. மூன்றாம் மாடியில், சுற்றிலும் விளக்கு எரியும் தெருவில், அந்தப் பூச்சி எங்கிருந்து வரும்? காலையில் தூரிகையோடு போய் நின்றால் பூ வாடிக் கிடக்கும். பீர்க்கும் மாலைப்பூ, புடலை இரவுப்பூ. ஆகவே அந்தி சாய்ந்ததும் போங்கள். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடித்து விடுங்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அதைப் பெண் பூவின் நடுவே இருக்கும் சூல்முடியில், எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தேய்த்து விடுங்கள். சேர்க்கை நடந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் காம்பு கீழ்நோக்கி வளைந்து காய் பருக்கத் தொடங்கும்.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகவே இருந்தால் பதற வேண்டாம், கொடிக் காய்களின் வழக்கம் அது. பருத்த பிறகு காய் கோணிக்கொண்டு, ஒரு புள்ளியில் பிசின் கசிந்து அழுகினால் அது வேறு கதை. பழ ஈ குத்தி முட்டை வைத்திருக்கிறது. அந்தக் காயைப் பறித்து மூடிய பையில் போட்டு வெயிலில் வையுங்கள். செடிக்கடியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி ஈயாகத் திரும்பி வரும். அடுத்த பிஞ்சுகளுக்குக் காகித உறை கட்டுங்கள்.

குண்டுமல்லிச் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது, பூ மட்டும் விரல்விட்டு எண்ணும்படி. வெட்டலாமா? வெட்ட மனம் வரவில்லை.
— வாசகி, திண்டுக்கல்

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டுங்கள். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சியை வைத்துக்கொண்டு பூ கேட்பதில் பயனில்லை.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, அதாவது கார்த்திகையில் கவாத்து. அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே விட்டு எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டமாக வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கிப் போகும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மீந்த இலைகளையும் உருவிவிடுங்கள். பார்ப்பவர்கள் செடி செத்துவிட்டது என்பார்கள், சொல்லட்டும். மண்ணைக் கொத்தி, மட்கிய சாணமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு, அப்புறம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை பூ கிடைக்கும். மழை நசநசக்கும் நாளில் மட்டும் வெட்ட வேண்டாம், வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளுவது பலர் செய்யும் தவறு. மொட்டு ஊதா நிறமாகி, துளையோடு உதிர்ந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கடையில் கொடுத்த மருந்தை வாரம் இரு முறை அடிக்கிறேன். அடிக்க அடிக்கப் பெருகுகிறது.
— வாசகர், ஈரோடு

அடிப்பதால்தான் பெருகுகிறது என்று நினைக்கிறேன். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகு மாவு மருந்தை உள்ளே விடுவதில்லை. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் குளவியும் முதல் அடியிலேயே செத்துவிடுகின்றன.

2008-இல் கோவையில் முதன்முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்குப் பகுதியையே அது உலுக்கியது. மருந்தடித்து ஓய்ந்துபோன பிறகு, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டை வைக்கும் குளவி அது. அதன் பிறகு பூச்சி அடங்கியது. செம்பருத்தியில் வருவது வேறு மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம், ஆனால் பாடம் ஒன்றுதான்.

மருந்தை நிறுத்துங்கள். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு தண்டில் ஏறும் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கிறது, குளவியை அண்டவிடுவதில்லை. வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசலைப் பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் தெளித்தால் போதும். பங்குனி, சித்திரை வறட்சியில் இது கூடும், ஒரு நல்ல மழையில் பாதி போய்விடும்.

மே மாதத்தில் கொத்தமல்லி முளைக்கவே மாட்டேன் என்கிறது. விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்தும் பார்த்துவிட்டேன்.
— வாசகி, வேலூர்

வேலூரில், மே மாதத்தில்! ஐப்பசிக்கு மேல் போடுங்கள். அதுவரை சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள், 25 நாளில் கடைய வேண்டியதுதான்.

கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். செடிகள் என்ன ஆகும்?
— வாசகர், திருவள்ளூர்

பூவாளியோடு வந்து போகும் பக்கத்து வீட்டுக்காரரை விஞ்சிய ஏற்பாடு எதுவும் இல்லை. அது முடியாதென்றால், கிளம்பும் முன் எல்லாப் பைகளையும் தொட்டிகளையும் கிழக்குச் சுவர் நிழலிலோ நிழல்வலைக்கு அடியிலோ நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். சிறிய தொட்டிகள் நடுவில், பெரியவை ஓரத்தில். காய்ந்த இலை அல்லது தென்னை மட்டைத் துண்டுகளால் மண்ணுக்கு இரண்டு அங்குல மூடாக்கு. காய்களையும் பூக்களையும் பறித்துவிடுங்கள், செடியின் தண்ணீர்த் தேவை குறையும். வாளியில் தண்ணீர் வைத்து, பருத்தித் திரியின் ஒரு முனையை அதிலும் மறு முனையை மண்ணிலும் புதைத்தால் சிறு தொட்டிகள் பிழைத்துக்கொள்ளும். வாளியை மூடி வையுங்கள், கொசு முட்டையிடும். துளசி, கற்றாழை, அரளியைப் பற்றிக் கவலை வேண்டாம். கீரையைக் கிளம்பும் அன்றே பறித்துச் சமைத்துவிடுங்கள்.

முருங்கை இரண்டு மாடி உயரம் போய்விட்டது. ஆடிக் காற்றில் கிளை முறிந்து விழுகிறது. மழைக்காலத்தில் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி வேறு.
— வாசகர், தேனி

1989-இல் உங்கள் பக்கத்துப் பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகமாக இருந்தால், காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிடலாம். நான்கைந்து மாதத்தில் மறுகாய்ப்புக்கு வந்துவிடும். பழைய நாட்டு மரத்தை அத்தனை தாழ்வாக வெட்ட வேண்டாம், கைக்கெட்டும் உயரத்தில் நிறுத்துங்கள். வெட்டுவாயில் சாணம் பூசுங்கள், மழைநீர் உள்ளே இறங்காது.

கம்பளிப்பூச்சி கூட்டமாகத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான் நமக்கு வசதி. தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். வீட்டுச் சுவரையும் மின்கம்பியையும் ஒட்டிய மரத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். கெட்டியான சோப்புத் தண்ணீரைக் கூட்டத்தின் மேல் பீய்ச்சி, விழுபவற்றை நீள விளக்குமாற்றால் கூட்டிக் குழியில் தள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அன்று மரத்தடிக்கு விடாதீர்கள்.

ஒட்டு ரோஜா ஐந்தடிக்கு மேல் விறுவிறுவென்று ஓடுகிறது. ஆனால் பூ இல்லை.
— வாசகி, ஓசூர்

ஓடுவது உங்கள் ரோஜா அல்ல. ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே இருந்து காட்டு ரோஜா கிளம்பியிருக்கிறது. மண்ணை விலக்கி, அது முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடியும் வரும்.

தைமாதம் முழுக்கக் கறிவேப்பிலை துளிர்க்கவில்லை, இலையும் மஞ்சள். புளித்த மோர் ஊற்றலாமா?
— வாசகர், சேலம்

ஊற்றுங்கள், பத்து மடங்கு தண்ணீர் கலந்து. ஆனால் துளிர் வரப்போவது மோரால் அல்ல, மாசி வெயிலால். குளிரில் கறிவேப்பிலை தூங்கும் செடி. அந்த நாளில் தண்ணீரைக் குறைத்து, பூங்கொத்து வந்தால் கிள்ளி, மாசி பிறந்ததும் நுனிகளை ஒரு சாண் வெட்டிவிடுங்கள். இலையை உருவாமல் கொப்பாக ஒடித்து எடுத்தால் பக்கக் கிளை வரும். துளிரில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறு செடியென்றால் கையால் எடுத்துவிடுங்கள். பெரிய மரமென்றால் ஒரு கிளையை அதற்கே விட்டுவிடலாம்.